தீட்டுக்கல்லைக் கொதிநீரில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தீட்டுக்கல்லைக் கொதிநீரில் போட்டெடுத்தால் புதிதாகிவிடும் என்று உங்கள் ஞாயிறு இதழின் வீட்டுக் குறிப்பு சொல்கிறது. கொதிக்கும் நீரில் திடீரெனப் போட்ட கல் வெடிக்கக்கூடும். நீர் ஊற்றிப் பாவிக்கும் யப்பானியக் கற்களில் மக்னீசியாச் சீமெந்தால் மணிகளைப் பிணைத்தவை சும்மா நெடுநேரம் ஊறினாலே கெட்டுவிடும்.

நம் வீடுகளிலும் ஓடாவிமாரின் பெட்டிகளிலும் கிடப்பது பெரும்பாலும் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் மிருதுவாகவும் உள்ள, 8 அங்குல நீளமான இருபக்கக் கல். கருஞ்சாம்பல் நிறமானால் கார்போரண்டம் (சிலிக்கன் கார்பைட்). செம்பழுப்பானால் அலுமினியம் ஒக்சைட். இரண்டையும் மண்ணெண்ணெயே சுத்தமாக்கும். மூடியுள்ள பாத்திரத்தில், கல் மூழ்கும் அளவுக்கு ஊற்றி ஓர் இரவு விடுங்கள். அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் வேண்டாம். காலையில் நைலோன் தூரிகையால் தேய்த்தால் துளைகளில் அடைத்திருந்த இரும்புத்தூள் கறுப்பாகக் கழன்று வரும். புதிதாக ஊற்றும் மண்ணெண்ணெய் கலங்காமல் நிற்கும் வரைக்கும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கலங்கியதைக் கானில் ஊற்றாமல் போத்தலில் தெளியவிட்டால் மேலேயுள்ளதை மறுபடி பாவிக்கலாம். கடைசியாக, பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டு நீரும். கொழும்பின் ஈரக்காற்றில் கல் காயச் சில நாளாகும். கடதாசியில் வைத்துப் பார்த்து எண்ணெய்க் கறை பிடித்தால் இன்னும் ஊறவைக்க வேண்டும்.

சுத்தமான கல்லும் தீட்டாமல் வழுக்குவதுண்டு. அதற்குக் காரணம் அழுக்கல்ல, மேற்பரப்பின் மணிகள் மழுங்கியிருப்பது. நடுவில் குழியும் விழுந்திருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மட்டமாகத் தேய்ப்பது. சீமெந்துத் தரையில் தேய்ப்பவர்கள் உண்டு. தரை மட்டமாயிருந்தால்தானே கல் மட்டமாகும்! தடித்த கண்ணாடித் துண்டொன்றை அசையாத மேசையில் வைத்து, 80 இலக்கக் (பெருமணி) கார்போரண்டம் தூள் ஒரு தேக்கரண்டியும் சிறிது நீரும் விடுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, 8 வடிவில் தேய்த்தால் ஓரக் கோடுகள் முதலில் அழியும். நடுவில் நிற்பவை குழி இருக்குமிடம். கரகரச் சத்தம் அடங்கினால் தூள் பொடிந்துவிட்டது, புதிதாக இடவேண்டும். மிருதுவான பக்கத்தை 220 இலக்கச் சிறுமணித் தூளால் முடிக்கலாம், ஆனால் அதற்கு முன் கல்லையும் கண்ணாடியையும் நன்றாகக் கழுவ வேண்டும். மிஞ்சிய பெருமணி ஒன்று போதும் உளி வாயில் கீறல் விழ. கடதாசியில் ஒட்டிய தூளை நம்பினால் கார்போரண்டம் கல் அதை நிமிடங்களில் மழுக்கிவிடும்.

தனித்தூளைப் பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளில் எஞ்சின் வால்வ் தேய்க்க விற்கும் வால்வ் பேஸ்ட்டை வாங்காதீர்கள். அதிலுள்ள கிறீஸ் துளைகளை மறுபடி அடைக்கும்.

இனித் தீட்டும்போது தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு இறுகாது, ஆனாலும் நாளடைவில் ஊசிப்போய் நாறும்.

குழி 3 மில்லிமீட்டருக்கு மேலென்றால் மட்டமாக்க மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். உளி, சீவுளி தீட்டுபவர் அந்தப் பாட்டைப் பட்டே ஆகவேண்டும். சமையல் கத்திக்கு மட்டுமானால் குழியை விட்டுவிட்டு, மழுங்கல் போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும்.

வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13