குடலுக்கு ரத்தம் திரும்பிய பிறகும் ஆபத்து நீங்குவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் முறுக்கு, இறுகிக்கொண்ட குடலிறக்கம், குடலின் ரத்தக்குழாயில் அடைப்பு ஆகியவற்றுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீட்டார், "அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே, மறுபடியும் ஏன் வயிற்றைத் திறக்க வேண்டும் என்கிறார்கள்?" என்று மருத்துவர்மேல் ஐயம் கொள்வதை, அறுவை அரங்கச் செவிலியராகப் பணியாற்றிய காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அவர்களுக்குப் பொறுமையான பதில் கிடைப்பது அரிது என்பதால் இதை எழுதுகிறேன்.

தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதைப் போல, ரத்தம் குறைந்ததும் சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் நுனிதான் முதலில் சாகிறது. அடைப்பு நீங்கி ஆக்ஸிஜன் திரும்ப வரும்போது, பட்டினி கிடந்த செல்களில் தேங்கிய கழிவுப் பொருட்களோடு அது வினைபுரிந்து, செல்சவ்வையே அரிக்கும் வீரியமுள்ள மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. வெள்ளணுக்களும் திரண்டு வந்து அழற்சியைப் பெருக்குகின்றன. பூனைகளின் சிறுகுடலில் பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த ஓட்டத்தை 4 மணி நேரம் தொடர்ந்து குறைத்து வைத்த குடலைவிட, 3 மணி நேரம் குறைத்து 1 மணி நேரம் திரும்ப விட்ட குடலின் உட்சுவரில்தான் சேதம் அதிகமாக இருந்தது. அதற்காக அடைப்பை அப்படியே விட முடியாது. விட்டால் குடல் அழுகி உயிரே போய்விடும்.

முறுக்கைப் பிரித்த பிறகு, கருநீலமாகக் கிடக்கும் குடலை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிவிட்டுக் காத்திருப்போம். நிறம் சிவந்து, தொட்டால் நெளிந்து, அதைத் தாங்கும் சவ்வில் நாடி துடித்தால் அந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம். பிழைக்குமா என்று தீர்மானிக்க முடியாத பகுதி இருந்தால், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மீண்டும் திறந்து பார்ப்பார்கள். முதல் அறுவையில் நேர்ந்த தவறு என்று இதை எண்ண வேண்டாம். குடலின் தடுப்புச்சுவர் பழுதானதும் கிருமிகளும் நச்சுகளும் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும் என்பதால்தான் ஐ.சி.யு.வில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் மூலம் தாமதமே. ரத்த ஓட்டம் முழுதும் நின்றால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் மீளாத நிலைக்குப் போய்விடலாம். நம் பக்கத்தில் வாய்வுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீரும் சோடாவும் கொடுத்தே பாதி நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். திசையன்விளை, களக்காடு போன்ற ஊர்களிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். வயிறு மெத்தென்றே இருக்க, வலி மட்டும் பொறுக்க முடியாமல் திடீரென வந்தால், அதிலும் இதயத் துடிப்பு சீரற்றவர்களுக்கு வந்தால், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, இரண்டாம் அறுவை தேவைப்படலாம் என்பதையும் அதன் காரணத்தையும் வீட்டாருக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.