வேதியியல் ஆசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. மூன்று முறை கூடியது. மற்ற மூன்று முறையும் நானும் பொருளாளரும் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ஆகஸ்ட் 2 அன்று வேதியியலாளர் பி.சி. ரே பிறந்தநாள் கூட்டம் நடந்தது. அக்டோபர் 23, மோல் (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு) தினக் கூட்டம் மழையால் நின்றுபோனது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளில் வினாடிவினா நடந்தது. பரிசு நூல்கள் வழங்கிய உறுப்பினருக்கு நன்றி.

இனி மயில்துத்தம், அதாவது நீல நிறக் காப்பர் சல்பேட் படிகத்தை வைத்துப் பள்ளியில் செய்த சோதனை. ‘இதெல்லாம் மன்றத்தின் வேலையா?’ என்று சென்ற பொதுக்குழுவில் கேட்ட நண்பருக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். “படிகம் லேசாக ஈரமாக இருக்கும் சார்” என்றாள் ஒரு மாணவி. சிரிக்க ஒன்றுமில்லை, நாம் சொல்லிக்கொடுத்த லட்சணம் அது. கண்ணால் காண்பது, கண்ணுக்கு எட்டாத மூலக்கூறு, தாளில் எழுதும் குறியீடு என வேதியியலுக்கு மூன்று தளங்கள் உண்டு என்று கிளாஸ்கோவின் வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் 1982-லேயே எழுதிவிட்டார். நாம் வகுப்பில் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறோம். பிள்ளையோ குறியீட்டை மட்டும் மனப்பாடம் செய்து தேறிவிடுகிறது.

என் பள்ளியில் 2.5 கிராம் நீலப் படிகத்தைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு வறுத்தோம். முதல் முறை அவசரப்பட்டுத் தீயைக் கூட்டிவிட்டேன், தூள் கருத்துப்போனது. (அதன் விலையை மன்றக் கணக்கில் சேர்க்கவில்லை.) அடுத்த முறை சிறு தீயில் 1.6 கிராம் வெள்ளைத் தூள் மிஞ்சியது. மீதி 0.9 கிராம் எங்கே? இன்னொரு சிட்டிகையைச் சோதனைக் குழாயில் வறுத்தபோது, குழாயின் வாயருகே கோத்து நின்ற துளிகளை அதே மாணவி விரலால் காட்டினாள். ஆறிய வெள்ளைத் தூளில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நீலம் திரும்பியது, கிண்ணமும் சூடானது. அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்க்க வரிசையே நின்றது.

சோதனைக்கு முன்னும் பின்னும் கேட்க ஒரு வினாத்தாள் தயாரித்து 22 பள்ளிகளுக்கு அனுப்பினேன். கொதிக்கும் நீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்பதும் அதில் ஒரு கேள்வி. நீராவி என்பதற்குப் பதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று எழுதும் பிள்ளைகள் உலகெங்கும் உண்டு. நம் ஊரிலும் உண்டு. திரும்பி வந்தவை ஐந்து கட்டுகள். அதில் ஒரு கட்டில் நாற்பது பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தை ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு? மிஞ்சிய நான்கு கட்டுகளை வைத்து முடிவு சொல்ல எனக்குத் துணிவில்லை. மீதிப் பதினேழு பள்ளிகளிலும் நம் உறுப்பினர்கள்தான் பணியாற்றுகிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஆண்டுச் சந்தா 200 ரூபாய்தான். மூன்றாண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் நினைவூட்டினால் கட்டைவிரல் படம் வருகிறது. அதை வங்கியில் செலுத்த முடியவில்லை.

அரங்கம் தந்த தலைமையாசிரியருக்கும், தணிக்கை செய்தவருக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். யாரும் முன்வராவிட்டால் மயில்துத்த வேலையை ஜூனில் மீண்டும் தொடங்குவேன். அதற்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று வேண்டும். பழைய பாக்கி வந்தாலே வாங்கிவிடலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார். சாப்பாட்டு அறைக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.