மீனுவைப் பட்டினி போடாதே

அன்பு கோமதி,

உன் மெயிலை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். இத்தனை மாதம் பேசாமல் இருந்ததற்குத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். உன் பூனை மீனுவுக்கு வயிறு சரியில்லை, ஒன்றும் தின்னவில்லை, "லங்கணம் பரம ஔஷதம், வயிறு காயட்டும்" என்று உன் மாமியார் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் அது வாய் வைக்கவில்லை என்றால், மீதியை அப்புறம் படி. முதலில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ.

பூனைக்கு லங்கணம் ஆகாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேரும். அதைச் சமாளிக்க முடியாமல் ஈரல் படுத்துவிடும். ஈறும் காது மடலும் மஞ்சளாகும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். நீ அனுப்பிய போட்டோவில் மீனு உன் மடி முழுக்க வழிகிறாள்!

எங்கள் நாய் கருப்பன் விஷயம் வேறு. பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் எச்சில் இலைகளை ஒரு கை பார்த்துவிட்டு வந்து ராத்திரியெல்லாம் பேதி. டாக்டர் ஒரு வேளை சாப்பாட்டை மட்டும் நிறுத்தச் சொன்னார், தண்ணீரை நிறுத்தவில்லை. பிறகு தோலும் எலும்பும் எடுத்த கோழியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்துக் குழைந்த சாதத்தில் பிசைந்து, ஒரு ஸ்பூன் அவித்த பரங்கிக்காயோடு, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை. மலம் இறுகிப் போக ஆரம்பித்ததும் வழக்கமான சாப்பாட்டை நாளுக்கு நாள் கூட்டிக் கலந்தோம். இப்போது பழையபடி தபால்காரரைத் துரத்துகிறான். நாய்க்குச் சோறு ஒத்துக்கொள்ளும். ஓநாயைவிட மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாயிடம் பல மடங்கு அதிகம் என்று 2013இல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பூனை மாமிசம் தின்னவே பிறந்தது, கோமதி. டாரின் என்று ஒரு சத்து. மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது. பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தானே செய்துகொள்ளாது. அது குறைந்தால் கண் கெடும், இதயம் வீங்கித் தளரும். 1987இல் இந்த இதய நோய்க்குக் காரணம் தெரிந்த பிறகுதான் பூனைத் தீனியில் டாரினைக் கூட்டினார்கள். வெறும் தயிர்சாதத்தில் மீனு எத்தனை நாள் ஓட்டுவாள்? உங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் சொல்கிறேன், பூனைக்கென்று விற்கும் ஈரத்தீனி பாக்கெட்டை வாங்கு. சமையலறைக்குள் எதுவும் வர வேண்டாம். தண்ணீரும் அதிலேயே சேர்ந்து போகும், மலச்சிக்கலுக்கும் நல்லது.

பாலை நிறுத்து. குட்டிப் பருவம் தாண்டினால் பெரும்பாலான பூனைகளுக்குப் பால் செரிக்காது, பேதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வயிற்றுக்கு நல்லது என்று பூண்டு ரசம் ஊற்றிவிடாதே! பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கண்ணிலேயே காட்டாதே, ஒரு மாத்திரை போதும் உயிரை எடுக்க.

மாமியாரிடம் நீ வாயைத் திறக்க மாட்டாய், ஹாஸ்டலிலேயே பார்த்தவள் நான். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போ, டாக்டரே சொல்லட்டும். ரேவதிக்கு மகள் பிறந்திருக்கிறாள், அதை விவரமாக இன்னொரு நாள் எழுதுகிறேன். மீனு சாப்பிட்டாளா என்று இன்றைக்கே ஒரு வரி போடு.

உன்,
சாந்தி