டக்ளஸ் மூன்று முறை எழுதிய வாழ்க்கை

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். தை மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு ஆனி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்பாவின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தபோது, நான்காம் அத்தியாயத்தைக் கேட்ட சித்தப்பா ‘நடந்தது அப்படியல்ல’ என்று சொன்னதால் நோட்டை மூடிவைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். என்ன பதில் சொல்வதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கடந்த மூன்று வாரங்களாக ஒரே மனிதருடைய மூன்று தன்வரலாறுகளைப் படித்தேன். முடித்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிரெடரிக் டக்ளஸ் அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, அடிமைமுறைக்கு எதிராக அந்நாட்டின் வட மாநிலங்களெங்கும் பேசியவர். தம் வாழ்க்கையை 1845, 1855, 1881 என மூன்று முறை எழுதி, மூன்றாவதை 1892இல் மேலும் விரித்தார். ஒரே வாழ்க்கையை எதற்காக மூன்று முறை எழுத வேண்டும் என்ற கேள்வியோடுதான் படிக்கத் தொடங்கினேன்.

முதல் புத்தகம் சிறியது. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று கேட்டவர்கள் சந்தேகப்பட்டதால், எசமானர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் அதில் வெளிப்படையாக எழுதிவிட்டார். சட்டப்படி அப்போதும் அவர் இன்னொருவருடைய உடைமைதான். பிடித்துக்கொண்டு போக வழிகாட்டும் விவரத்தைத் தம் கையாலேயே அச்சில் ஏற்றியிருந்தார். அதனால் கடல் கடந்து அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போக வேண்டியிருந்தது. அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி, 1846இல் 150 பிரிட்டிஷ் பவுண்டு கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினார்கள்.

அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. சிறுவனுக்கு முழங்கால்வரை தொங்கும் முரட்டுச் சட்டையைத் தவிர வேறு துணி கிடையாது. கடுங்குளிரிலும் படுக்கை கிடையாது. சோளம் கொண்டுபோகும் சாக்கு ஒன்றைத் திருடி, அதற்குள் தலையை நுழைத்து ஈர மண்தரையில் தூங்குவான்; கால்கள் வெளியே கிடக்கும். பனியில் வெடித்த அந்தக் கால்களைப் பற்றிச் சொல்லும்போது, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை அந்த வெடிப்புகளுக்குள் வைத்துவிடலாம் என்கிறார். அழுதேன் என்றோ வலித்தது என்றோ ஒரு சொல் கூட இல்லை.

தாயைப் பற்றி அந்தப் புத்தகம் சொல்வது கொஞ்சம். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டுப் பன்னிரண்டு மைல் இரவில் நடந்து வந்து மகனைப் பார்ப்பாள், விடிவதற்குள் போய்விடுவாள், நான்கைந்து முறைக்குமேல் அவளைப் பார்த்ததில்லை, அவள் இறந்த செய்தி அயலார் ஒருவருடைய சாவைப் போலத்தான் இருந்தது. பத்தாண்டு கழித்து எழுதியபோது அதே தாய் வேறுவிதமாக வருகிறாள். சமையல்காரி அவனைப் பட்டினி போட்ட ஒரு நாள் இரவு வந்தவள், அவளைக் கடிந்துகொண்டு, இதய வடிவில் இஞ்சி ரொட்டி ஒன்றைக் கொடுத்து மகனை மடியில் உட்காரவைத்துக்கொள்கிறாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டு, அதைப் பெருமையோடு சேர்த்திருக்கிறார். முதலில் எழுதியதைப் பொய் என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. இருபத்தேழு வயதில் அவருக்கு எட்டியது அவ்வளவுதான்.

1838 செப்டம்பர் 3ஆம் தேதி எப்படித் தப்பினார் என்பதை முதல் இரண்டு புத்தகங்களிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். அடிமைமுறை ஒழிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1881 புத்தகத்தில்தான், மாலுமி உடை அணிந்து, அடிமையல்லாத கறுப்பின மாலுமி ஒருவரின் அடையாளச் சான்றிதழை இரவல் வாங்கிக்கொண்டு பால்டிமோரிலிருந்து ரயிலேறிய கதையை விரித்து எழுதுகிறார். சான்றிதழில் எழுதியிருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவேயில்லை. நடத்துநர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். முதல் புத்தகத்தில், கிழப்பருவத்தில் தம் பாட்டியைக் காட்டுக்குள் ஒரு குடிசையில் தனியே சாக விட்டுவிட்டார்கள் என்று நெஞ்சு கொதிக்க எழுதியிருந்தார். உண்மையில் எசமானர் தாமஸ் ஆல்ட் அவளை அழைத்து வந்து பராமரித்திருக்கிறார். அது தெரிந்ததும் 1849இல் தம் பத்திரிகையிலேயே தவற்றை ஒப்புக்கொண்டார். 1877இல், ஆல்ட் படுத்த படுக்கையாக இருந்தபோது அவரைப் பார்க்கவே போனார். நடுங்கும் அந்தக் கையைப் பிடித்ததும் இருவருக்கும் பேச்சு வரவில்லை. பாட்டி விஷயத்தில் தாம் எழுதியது தவறு என்பதை நேரிலும் சொல்லிவிட்டு, வாழ்நாளெல்லாம் மனத்தில் இருந்த ஒன்றைக் கேட்டார்: நான் பிறந்தது எப்போது? 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்றார் ஆல்ட். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு, தாம் நினைத்திருந்ததைவிட ஒரு வயது குறைவு என்பது அன்றுதான் தெரிந்தது. உன் அப்பாவின் பிறந்த நாளும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதிதானே? படித்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே சித்தப்பாவின் மறுப்புக்காக நிறுத்தாதே. அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள். நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுது.

எனக்கு டக்ளஸிடம் ஒரு மனத்தாங்கலும் உண்டு. அவர் தப்பிய பன்னிரண்டாம் நாளே அவரை மணந்துகொண்ட ஆனா மர்ரி, வீட்டு வேலை செய்து சேர்த்த காசைக் கொடுத்து அந்தப் பயணத்துக்கு உதவியவள். ஐந்து பிள்ளைகளைப் பெற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள். இவ்வளவு நுணுக்கமாக நினைவுகூரும் மனிதருடைய மூன்று புத்தகங்களிலும் அவள் அநேகமாக இல்லை. அவள் பங்கை எடுத்துச் சொல்ல, மகள் ரோசெட்டா 1900இல் மேடையேற வேண்டியிருந்தது. இதைப் படித்தபின் நீ அனுப்பிய அத்தியாயங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்பா வேலை தேடி ஊர் விட்டுப் போன அந்த மூன்றாண்டுகளைப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த மூன்றாண்டும் உங்கள் நால்வரையும் வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்தாள் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. அவளுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வருகிறேன். நோட்டை எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி