வேலூர் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டறிக்கை: கோளரங்கச் சுற்றுலாவும் பிற பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கால்வாய் தூர்வாருதல், நாய்த் தொல்லை குறித்து மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் பேசுவார். மாசி மாதம் சென்னை பிர்லா கோளரங்கத்துக்குப் போய்வந்த குடும்பச் சுற்றுலாவை மட்டும் விரிவாகப் பதிவு செய்கிறோம். அடுத்து ஏற்பாடு செய்பவர்கள் கையில் இது இருக்க வேண்டும்.

கோளரங்கத்தில் பார்த்த வானத்தை அன்றிரவே மொட்டை மாடியில் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு அது சினிமாவாகப் போகாது என்பது செயற்குழுவின் கருத்து. அதற்கு முன்னிரவில் நிலா இருக்கக் கூடாது. மாசி அமாவாசை தோதான நாள்தான், ஆனால் அன்று மயானக்கொள்ளைத் திருவிழா. பாலாற்றுப் பக்கம் கூட்டத்தைத் தாண்டி காட்பாடி போய்ச் சேருவதே பெரும்பாடு. ஆகவே அதற்கு முந்திய ஞாயிறு. தேய்பிறையின் கடைசி வாரத்தில் நிலா நள்ளிரவுக்குப் பிறகே எழும் என்பதால் இருட்டுக்குக் குறைவில்லை.

வேன் வைக்கலாம் என்று பலர் கேட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலில் நேரம் நம் கையில் இல்லை. காட்சி தொடங்கிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். பாதியில் விளக்கைப் போட்டு இடம் காட்ட முடியாது. அதனால் காட்பாடியிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸ், திரும்பவும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை சீசன் டிக்கெட் கூட்டம் குறைவு. சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி கோட்டூர்புரம். ஞாயிறன்று பறக்கும் ரயில் இடைவெளி விட்டுத்தான் வரும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலையத்திலிருந்து காந்தி மண்டபம் சாலைக்கு முதியவர்களை ஆட்டோவில் அனுப்பிவிடுவது நல்லது.

1988இல் திறந்த அந்தக் கோளரங்கத்தின் குவிமாடம் 15 மீட்டர் விட்டம், இருக்கைகள் 236. விடுமுறை நாளில் அடுத்த காட்சிக்குச் சீட்டு தீர்ந்துவிடும். தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் தனித்தனி. கவுன்டரில் மொழியைச் சொல்லி வாங்க வேண்டும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தைச் சுற்றிப் பார்க்கலாம். உணவு காட்சிக்குப் பிறகுதான். வயிறு முட்டப் புளிசாதம், குளிர்சாதனம், இருட்டு, சாய்ந்த நாற்காலி எல்லாம் சேர்ந்தால் பெரியவர்கள் குறட்டை விடுவார்கள்.

நடுவிலிருந்து சற்றுப் பின்னால், எதிர்ப்பக்கக் குவிமாடம் முழுதும் கண்ணில் விழும்படி உட்கார வேண்டும். உள்ளே போவதற்கு முன் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிட வேண்டும். கண்மணி சில நொடியில் விரிந்துவிடும். ஆனால் மங்கலான ஒளியை உணரும் விழித்திரைச் செல்கள் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். யாராவது ஒருவர் திரையை ஒளிரவிட்டாலும் சுற்றியுள்ளவர்களுக்கு மங்கிய நட்சத்திரங்கள் காணாமல் போகும். வானம் வேகமாகச் சுழலும் இடத்தில் சிலருக்குத் தலைசுற்றும். உடல் அசையாமல் கண் மட்டும் ஓட்டத்தைக் காண்பதால் வருவது அது. கண்ணை மூடிக்கொண்டால் அரை நிமிடத்தில் சரியாகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருட்டில் அழுகிறார்கள். தாய் கதவோரம் உட்காருவதே வழி.

இரவு மொட்டை மாடியில்: உச்சிக்கருகே திருவாதிரையின் செந்நிறம், அதற்கு மேற்கே ரோகிணி, கார்த்திகைக் கூட்டம். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) தொடுவானிலிருந்து சுமார் 24 பாகை (டிகிரி). கையை நீட்டி முஷ்டி மடக்கினால் 10 பாகை. இரண்டரை முஷ்டி உயரத்தில் தேடினால் கிடைத்துவிடும். துருவ நட்சத்திரம்தான் ஏமாற்றும். வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் அதுவும் வடக்கே அதே 13 பாகையில்தான் நிற்கும்: ஒரு முஷ்டி, இரண்டு விரல். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைக்கப் போதும். கிழக்கே மலைத்தொடர் இருப்பதால் உதயமாகும் எதையும் பஞ்சாங்க நேரத்துக்குப் பார்க்க முடியாது, சற்றுக் காத்திருக்க வேண்டும்.

செலவில்லாத நிகழ்ச்சி ஒன்றையும் முன்மொழிகிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஒரு முழம் பி.வி.சி. குழாயைச் சமதரையில் நிறுத்தினால் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நிறுத்தினால் ஒரு பக்கம் நிழல் நீண்டு, வந்தவர்கள் சிரிப்பார்கள். சரியாக 12 மணிக்கு நடக்காது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கானது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஏப்ரலில் 12.10ஐ ஒட்டியும் ஆகஸ்டில் 12.17ஐ ஒட்டியும் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் மேகம் கெடுக்கும், ஏப்ரலை நம்பலாம்.

அடுத்த ஆண்டுக்கு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையின் காவலூர். பழைய வட ஆற்காட்டு மண்ணான அங்கே, வைணு பாப்பு வான் ஆய்வகத்தில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அங்கிருந்து 1988இல் கண்டறியப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அது ஆராய்ச்சி நிலையம். கோளரங்கம் போல நாற்காலி போட்டுக் காட்சி நடத்த மாட்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துப் போக வேண்டும். அனுமதி நாளை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்த பிறகே வண்டி பேச வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை வானம் மூடியிருக்கும் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்