அடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மேட்டுப்பாளையத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரி. அலுவலகம், வங்கி, மண்டபம் என்று பல இடங்களில் இப்போது வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவற்றில் பலவற்றில் நாற்காலியைத் தள்ளி ஏற்றவே முடியாது.

சமீபத்தில் ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். அரையடிப் படி மூன்று, ஆக ஒன்றரை அடி உயரம். அதற்குப் போட்ட சாய்தளத்தின் நீளம் ஐந்தே அடி. மேலே வழவழப்பான டைல்ஸ் வேறு. ஒரு பையன் தன் பாட்டியை உட்காரவைத்துத் தள்ளினான். பாதியில் செருப்பு வழுக்கி நின்றுவிட்டான். வாட்ச்மேன் ஓடி வந்தார். கடைசியில் இருவருமாக நாற்காலியோடு பாட்டியைப் படி வழியாகத் தூக்கிப் போனார்கள். அந்த அம்மா முகத்தில் இருந்த கூச்சத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சாய்தளம் உயரத்தைக் குறைக்காது. தூரத்தைக் கூட்டி, தள்ளும் பலத்தைக் குறைக்கும். மிக்சர் மெஷினை மினி லாரியில் ஏற்றும் எங்கள் ஆட்களுக்கு இது பாடமே இல்லாமல் தெரியும்: பலகை குட்டையென்றால் கூட ரெண்டு ஆள் வேண்டும். கான்கிரீட் போடும்போது தாங்கிப் பிடிக்கும் சென்ட்ரிங் பலகைக்கு அடியில் வைக்கும் ஜாக்கியின் மரைகூட (திருகும் புரி), சாய்தளத்தைக் கம்பியைச் சுற்றிச் சுருட்டியதுதான்.

பாட்டியும் நாற்காலியும் சேர்ந்து 72 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம், அதாவது 12க்கு 1 என்ற வாட்டத்தில் (சரிவில்), உராய்வு நீங்கலாக, சுமார் 6 கிலோ பலம் போதும். அந்த ஐந்தடிச் சரிவில் 20 கிலோவுக்கு மேல் வேண்டும். இறங்கும்போது அதே 20 கிலோவைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். எனக்கு அதுதான் அதிக பயம்.

எங்கள் ஊர் மலை ரயிலையே பாருங்கள். கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை ஏறும் பாதையின் வாட்டம் ஏறக்குறைய 12க்கு 1. அதற்கே நடுவில் பல் தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் செங்குத்தான சரிவில் ஒரு பையன் எப்படித் தள்ளுவான்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் இந்த வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலும் இந்த 12க்கு 1 இருக்கிறது. எங்கள் பாஷையில் அடிக்கு ஒரு இஞ்ச். ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி நீளம். இடம் இல்லை என்பார்கள். சரி, ஒன்பது ஒன்பது அடியாக மடித்து, திரும்புமிடத்தில் ஐந்தடி சமதளம் விடலாம். டைல்ஸ் வேண்டாம், சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்குக் கோடு இழுத்தால் பிடிப்பு கிடைக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி அவசியம்.

எஸ்டிமேட் போடும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சாய்தளம் - 1’ என்று மட்டும் எழுதாமல் நீளத்தையும் எழுதுங்கள். பில் பாஸ் செய்யும் முன் ஓரடி ரசமட்டத்தை (மட்டம் பார்க்கும் குமிழிக் கட்டை) சரிவின் நீளவாக்கில் வைத்து, மேல்பக்க முனையைச் சரிவில் ஊன்றி, குமிழி நடுவில் நிற்கும்படி பிடியுங்கள். மறுமுனைக்கும் அதன் கீழே உள்ள சரிவுக்கும் நடுவே ஒரு இஞ்சுக்கு மேல் இடைவெளி இருந்தால், உடைத்துத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டட மேஸ்திரி ஒருவர்,
மேட்டுப்பாளையம்.