ஒரு கையெழுத்தில் வீடு போகாது

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை, திரைக்கதை, வசனம் எழுதும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு சிறு நகரத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பத்திர எழுத்தர் ஒருவரிடம் 14 வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கிரயம், செட்டில்மென்ட், உயில், விடுதலை, அடமானம் என்று ஊர்ச் சொத்து விவகாரம் பாதி என் விரல் வழியாகத்தான் போகும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் உங்கள் தொடர்களைப் பார்க்க உட்காருவோம். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட மாட்டோம். போன வாரம் கால் உடைந்தவள் இந்த வாரம் எப்படி ஓடுகிறாள், சிங்கப்பூர் போன கொழுந்தன் என்ன ஆனான், அந்தக் கடிதத்தை அவள் ஏன் அன்றைக்கே கொடுக்கவில்லை என்று அரை மணி நேரமாவது பேச்சு ஓடும். அந்தப் பேச்சு உங்கள் காதுக்கும் எட்ட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

போன ஆடி மாதம் ஒரு பாட்டி தனியாக வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆடி என்பதால் கடையில் கூட்டமில்லை. மஞ்சள் பைக்குள் கையை விட்டுப் பழைய பத்திரம் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். "என் வீடு இருக்கா, போச்சான்னு பாத்துச் சொல்லு தாயி" என்றார். விசாரித்தால் விஷயம் இதுதான். நாலு மாதத்துக்கு முன்பு மகன் ஒரு பாண்டு பேப்பரில் கைநாட்டு வாங்கியிருக்கிறான். முதல் நாள் ராத்திரி அவர் பார்த்த தொடரில் ஒரு மாமியார் ஃபைலில் ஒரு கையெழுத்து போட்டார். மறுநாள் காலையில் குடும்பமே பெட்டியோடு தெருவில் நின்றது. பாட்டி அந்த ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பதிவுத்துறை இணையதளத்தில் ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தேன். 1994ல் அவர் பெயரில் வாங்கிய கிரயம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. வீடு அவருடையதுதான். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்தத் தாள் எதற்கு என்று மகனிடமே கேட்டிருக்கலாமே என்றேன். கேட்கப் பயமாக இருந்ததாம். நாலு மாதமாக உள்ளுக்குள் கிடந்த சந்தேகம், அந்தக் காட்சியைப் பார்த்ததும் உறுதியாகிவிட்டது. பெற்ற மகன் ஊற்றிக் கொடுத்த காபியைக்கூட அன்று காலையில் அவர் குடிக்கவில்லை.

எழுதுகிறவர்களே, வீடும் நிலமும் அப்படிக் கை மாறுவதில்லை. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தாலும் சரி, கிரயமாகக் கொடுத்தாலும் சரி, அது பதிவாக வேண்டும். 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் அது. எழுதிக் கொடுப்பவர் அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே கேமராவில் படம் எடுப்பார்கள், விரல்ரேகை வைப்பார்கள், அடையாள அட்டை பார்ப்பார்கள். இரண்டு சாட்சிகள் வர வேண்டும். அதோடு சார்பதிவாளர் அவர் முகத்தைப் பார்த்து, எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா, சம்மதம்தானா என்று கேட்பார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பதிவு நின்றுவிடும். கிரயமென்றால் மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் வில்லன் ஒரு கையெழுத்தில் எழுதி வாங்கும் 10 கோடி ரூபாய் பங்களாவுக்கு 90 லட்சம் ஆகும்.

மோசடி நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆள்மாறாட்டம் நடக்கிறது. பவர் பத்திரத்தை வைத்து ஏமாற்றுகிறார்கள். அதெல்லாம் எப்படி நடக்கிறது என்று காட்டினால் பார்ப்பவர்கள் உஷாராக இருப்பார்கள். நடக்காத மோசடியைக் காட்டும்போது நடக்கிற மோசடி மறைந்துபோகிறது.

பத்திரத்தைக் கிழிக்கும் காட்சியையும் சொல்ல வேண்டும். கதாநாயகி கோபத்தோடு வருவாள், பத்திரத்தை நாலாகக் கிழித்து முகத்தில் எறிவாள், சொத்து திரும்பி வந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு இளைய மகனுக்கு வீட்டைச் செட்டில்மென்ட், அதாவது தானமாக, எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது மருந்துக்குக்கூட மகன் காசு தருவதில்லை. அசல் பத்திரம் தன் பீரோவில்தான் இருக்கிறது, கிழித்துப் போட்டால் ரத்தாகிவிடுமா என்று கேட்டார். பத்திரத்தின் பிரதி அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும், மகன் மனுப் போட்டால் நகல் கிடைத்துவிடும் என்று சொன்னபோது அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை.

உயிலுக்கும் செட்டில்மென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த நிலைமையே வந்திருக்காது. உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி கையெழுத்து போதும். செட்டில்மென்ட் அப்படியில்லை. பதிவானதும் சொத்து கை மாறிவிடும். பிறகு மனசு மாறிவிட்டது என்று கொடுத்தவர் தானாக ரத்து செய்ய முடியாது. உங்கள் தொடர்களில் தாத்தா சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று "எல்லாச் சொத்தையும் மருமகள் பேர்ல எழுதி வச்சுட்டேன்" என்பார். எழுதியது உயிலா, செட்டில்மென்ட்டா? யாரும் கேட்பதில்லை. எங்கள் கடையில் பெரியவர்கள் முதலில் கேட்பது அதையல்லவா.

ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கும் ஒரு வழி இருந்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காமல் விட்டால் செல்லாது என்று அறிவிக்கும்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அவர் பத்திரத்தில் அந்த நிபந்தனை ஒரு வரியாக இருந்தது. இன்று நாங்கள் எழுதும் ஒவ்வொரு செட்டில்மென்ட்டிலும் பெரியவர்களிடம் கேட்டு அந்த வரியைச் சேர்க்கிறோம். உங்கள் தொடரில் வரும் வக்கீல் பாத்திரம் ஒரே ஒரு தடவை அந்த வரியைச் சொன்னால் போதும், நாங்கள் 14 வருடத்தில் சொன்னதைவிட அதிகம் பேர் காதில் விழும்.

இனி எங்கள் திண்ணைப் பேச்சுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா அரசு மருத்துவமனையில் செவிலியர். கதாநாயகி மயங்கி விழுந்ததும் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, வீட்டுக்கு வாரிசு வரப்போகிறது என்று சொன்னால் அக்கா அங்கேயே சத்தம் போடுவார். மானிட்டரில் கோடு நேராக ஓடும்போது நெஞ்சில் ஷாக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள், துடிப்பு தாறுமாறாக இருந்தால்தான் ஷாக் என்பார். ஒரு வருடம் கோமாவில் கிடந்தவளுக்கு முதுகில் ஒரு புண் இல்லை, மூக்கில் குழாய் இல்லை என்று ஆதங்கப்படுவார். அதே அக்கா, ஒரே கையெழுத்தில் வீடு பறிபோகும் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கினார். நானோ மருத்துவமனைக் காட்சிகளை அதுவரை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். தனக்குத் தெரிந்த இடத்தில் தவறைப் பிடித்துவிடுகிறவர், தெரியாத இடத்தில் அதே தொடரை நம்புகிறார். பட்டுச்சேலையோடும் நகையோடும் தூங்குவதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை, அது தொடரின் வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றமும் காவல் நிலையமும் பத்திர ஆபீசும் அப்படியில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ போகிற இடங்கள் அவை. அங்கே என்ன நடக்கும் என்று நம் ஜனங்களில் நிறையப் பேருக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது நீங்கள்தான்.

விவாகரத்தும் இப்படித்தான். ஒரு தாளை நீட்டி "கையெழுத்து போடு" என்பான், போட்டதும் கல்யாணம் முடிந்துவிடும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் விவாகரத்து எழுதிக் கொடுங்கள் என்று எங்களிடமே கேட்டு வருகிறார்கள். அதை நீதிமன்றம்தான் தர வேண்டும். இருவரும் மனமொத்துக் கேட்டாலும், இந்து திருமணச் சட்டப்படி ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகுதான் மனுவே போட முடியும். வெறும் தாளை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அது செல்லாது, 7 வருடம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. அந்தத் தாளை நம்பி வாழப் போகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

சீரியல்தானே, கற்பனைதானே என்று நீங்கள் சொல்லலாம். தினமும் ஒரு எபிசோடு எடுத்தாக வேண்டிய நெருக்கடி எங்களுக்குப் புரிகிறது. வாரா வாரம் ரேட்டிங் பார்த்துக் கதையைத் திருப்பச் சொல்வார்கள் என்பதும் தெரியும். ஆனால் அதே நெருக்கடியில்தான் 2002ல் தொடங்கிய மெட்டி ஒலியும் வந்தது. ஐந்து பெண்களைக் கட்டிக் கொடுத்த அப்பாவின் கதை. அதில் வரும் சீர்ப் பேச்சையும் மாமியார் வீட்டு மனஸ்தாபத்தையும் பார்த்து, இது எங்கள் வீட்டில் நடந்தது என்று என் மாமியார் இன்றும் சொல்வார். எதிர்நீச்சல் தொடர் ஓடிய நாட்களில், அதில் வரும் அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கைப் பற்றி எங்கள் கடையில் டோக்கனோடு காத்திருந்த பெண்கள் எப்படிப் பேசினார்கள் தெரியுமா? அந்தப் பங்கை அவர் யாருக்கு எழுதலாம், யாரும் தடுக்க முடியுமா என்று என்னிடமே வந்து கேட்டார்கள். சொத்துக் கணக்கு இவர்களுக்கு அலுக்கும் என்று நினைக்காதீர்கள். அலுப்பதென்றால் காத்திருந்து கேட்க மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் கதை சப்பென்று போய்விடும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். படுக்கையில் கிடக்கும் தாத்தாவிடம் வில்லன் கைநாட்டு வாங்குவதாகக் காட்டுகிறீர்கள். உடம்பு முடியாதவர்களுக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ நேரில் வர முடியும், சட்டத்தில் இடமிருக்கிறது. வில்லன் கட்டில் தலைமாட்டில் நிற்கட்டும். அதிகாரி குனிந்து, சம்மதமா ஐயா என்று கேட்கட்டும். அந்தப் பெரியவர் பதில் சொல்லும்வரை ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

இன்னொன்று, நான் நேரில் பார்த்தது. ஐம்பது வயதுப் பெண். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். அண்ணன் எடுத்துக் கொடுத்த புதுச்சேலை, மடிப்புக்கூடக் கலையவில்லை. பூர்வீக வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இந்துக் குடும்பத்தில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று, கல்யாணமாகாத மகள்களுக்காகத் தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது. 2005ல் அது எல்லா மகள்களுக்கும் நாடு முழுக்க வந்தது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் பங்கு உண்டு என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த அம்மாவுக்கும் தன் பங்கு தெரியும். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "இதுல கையெழுத்து போட்டுட்டா, நான் அம்மா வீட்டுக்கு வந்துபோக ஒண்ணும் தடை இல்லையேம்மா?"

உள்ளே போனோம். சம்மதம்தானா என்று சார்பதிவாளர் கேட்டார். அந்த அம்மா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சம்மதம்" என்றார். வேலை செய்து தேய்ந்த விரல், ரேகை முதல் தடவை விழவில்லை. புதுச்சேலை முந்தானையில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

யாரும் அவரை மிரட்டவில்லை. பின்னணி இசையும் இல்லை. நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்திரக் காட்சி எழுதும் முன்பு ஒரு பத்திர எழுத்தரிடமும், ஆஸ்பத்திரிக் காட்சி எழுதும் முன்பு ஒரு செவிலியரிடமும், கோர்ட் காட்சி எழுதும் முன்பு ஒரு வக்கீல் குமாஸ்தாவிடமும் பத்து நிமிஷம் போனில் பேசுங்கள். முடிந்தால் நேரிலேயே வாருங்கள். எந்த ஊர்ப் பத்திர ஆபீசுக்கும் போகலாம். முகூர்த்த நாளாகப் பார்த்துப் போங்கள், அன்று கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள், கூட்டமும் இருக்கும். எங்கள் ஊருக்கு வந்தால், கடை வாசலில் வேப்ப மரத்தடியில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. காலை பத்து மணிக்குள் வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் தொடர்களைத் தினமும் பார்க்கும்
பத்திரத் தட்டச்சர் ஒருவர்